சிங்கப்பூரை இழந்த சேனாதிபதி

வெற்றி பெற்ற வீரரின் சரிதையை எழுதுதற்கும் படித்தற்கும் என்றும் ஆளுண்டு. தோல்வியுற்றவரின் சரிதையோ பெரும்பாலும் ஒரு வசைச் சொல்லோடு முடிந்துவிடுகின்றது. ஆயினும் தலைமை என்பது யாது, அது எவ்விடத்தில் உறுதி பெறுகின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது என்பனவற்றை அறிய விரும்புவோர்க்கு, வென்றவரின் வாழ்விலும் தோற்றவரின் வாழ்வே சிறந்த பாடமாகும். வெற்றி பல குறைகளை மறைத்துவிடும். தோல்வியோ எதனையும் மறைப்பதில்லை. இக்கருத்துப் பற்றியே, இரண்டாவது உலக மகாயுத்தத்தில் மலாயாவையும் சிங்கப்பூரையும் இழந்த பிரித்தானியத் தளபதி ஆதர் ஏனெஸ்ற் பேர்சிவல் என்பாரின் குணங்களையும் குறைகளையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை. சீன மக்களுக்கு அது புதுவருடப் பிறப்பு. அன்று மாலை ஐந்து மணி கடந்த வேளையில், சிங்கப்பூர்த் தீவின் புக்கித் தீமா என்னும் இடத்திலிருந்த போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையை நோக்கி உயர்ந்து மெலிந்த ஆங்கிலேயர் ஒருவர் நடந்து சென்றார். உடன் சென்ற அதிகாரிகளில் ஒருவர் பிரித்தானியக் கொடியையும் மற்றொருவர் வெண்கொடியையும் ஏந்திச் சென்றனர். உள்ளே, மேசையின் மறுபுறத்தில், யப்பானியத் தளபதி யமஷித்தா வீற்றிருந்தார். நிபந்தனைகளைப் பற்றிப் பேச்சை நீட்ட அவர் இடங்கொடுக்கவில்லை; சரணடைகின்றீரா, இல்லையா என்ற ஒரே வினாவுக்கு ஒரே விடை கேட்டு நெருக்கினார். விடை கிடைத்தது. அன்றிரவு எட்டரை மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தன.

சரணடைந்தோர் ஏறக்குறைய 85,000 பேர். அவர்களை வென்றவர்களோ சுமார் 30,000 பேரே. பிரித்தானிய சரித்திரத்தில் இதனிலும் பெரிய சரணாகதி நிகழ்ந்ததில்லை எனப் பிரதம மந்திரி சேர்ச்சில் பின்னர் எழுதினார். இவ்வீழ்ச்சிக்கெல்லாம் காரணர் பேர்சிவல் ஒருவரே என்று உலகம் அன்று கூறிற்று. அத்தீர்ப்பு நீதியானதுதானா?

இளமையும் முதற் போரும்

பேர்சிவல் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி இங்கிலாந்தில் ஹேர்ட்போட்சயர் மாகாணத்தில் பிறந்தார். றக்பி கலாசாலையிற் கற்றபின் இலண்டனில் ஒரு வர்த்தகக் கந்தோரில் இலிகிதராய் அமர்ந்தார். போர்த்தொழில் அவருடைய குலத்தொழிலுமன்று, இளமைக் கனவுமன்று. 1914இல் முதலாவது மகாயுத்தம் மூண்டபோது, 26 வயதில், சாதாரண சிப்பாயாகவே அவர் படையிற் சேர்ந்தார். பிரான்சு தேசத்தில் சோம் நதிப் போரிற் காயமுற்றார். யுத்தம் முடியுமுன் ஒரு பட்டாளத்தை நடத்தும் நிலைக்கு உயர்ந்து, வீரத்துக்குரிய விருதுகள் பலவற்றையும் பெற்றார். 1919இல் ருசியாவின் வடபகுதியிலும் போர் புரிந்தார்.

அடுத்து அயர்லாந்தில் அவர் ஆற்றிய சேவை இன்றும் சர்ச்சைக்குரியது. விடுதலைக்காகப் போராடிய ஐரிஷ் மக்கள், கைதிகளை அவர் கொடுமைப்படுத்தினார் எனக் குற்றஞ் சாட்டினர். இக்களங்கத்தை நாம் மூடி மறைத்தல் தகாது. இதனால் ஒன்று தெளிவாகும். பேர்சிவல் துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சிய கோழை என்போரும், இரக்கத்தால் இளகிய உள்ளத்தர் என்போரும் அவரை அறியாதவர்களேயாவர். சிங்கப்பூரில் அவரிடம் குறைந்திருந்தது உடல் வீரம் அன்று, வேறொன்று.

வருமுன் அறிந்தவர்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து அமைத்திருக்கின்றார். ஒரு செயலை மேற்கொள்வான் ஆராய வேண்டுவன இம்மூன்றுமே என்பது அவ்வைப்பு முறையாலேயே பெறப்படும். இவற்றையே அளவுகோலாகக் கொண்டு பேர்சிவலை நோக்குவாம்.

1936 முதல் 1938 வரை அவர் மலாயாவில் தளபதி டொபியின் கீழ்ப் பணி புரிந்தார். சிங்கப்பூரைத் தாக்குவோர் கடல்வழியாகவே வருவர் என்பது அக்காலத்து நம்பிக்கை. வடக்கே காடு இருக்கின்றது, அதனை ஊடறுத்துப் படை வராது என்றே பலரும் எண்ணினர். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கிழக்குக் கரையில் எவரும் இறங்கார் என்றும் கருதினர். பேர்சிவல் 1937இல் யப்பானியத் தளபதியின் இடத்திலே தம்மை வைத்து, தாமே சிங்கப்பூரைத் தாக்குவதாயின் எவ்வாறு தாக்குவேன் என எண்ணி ஓர் அறிக்கை தயாரித்தார். சீயத்தின் சிங்கோரா, பட்டானி என்னும் இடங்களிலும், மலாயாவின் கோத்தா பாருவிலும் படைகள் இறங்கித் தெற்கு நோக்கி வரக்கூடும் என்பது அவர் முடிவு. நான்கு ஆண்டுகளின் பின், 1941 டிசம்பர் 8ஆந் திகதி, பருவமழைக் காலத்தில், அதே இடங்களிலேதான் யப்பானியர் இறங்கினர்.

ஆகவே, அறியாமையால் தோற்றார் என அவரைக் குறைகூற இயலாது. வருவதை எவரிலும் தெளிவாக அறிந்தவர் அவரே. அவ்வாறு அறிந்தவரே தோற்றார் என்பதுதான் இச்சரித்திரத்தின் பெரும் புதிர்.

கொடுக்கப்படாதவை

1941 மே மாதத்தில் பேர்சிவல் மலாயாவின் சேனாதிபதியாய் வந்து சேர்ந்தார். நாட்டைக் காக்க 48 பட்டாளங்களும் இரண்டு தாங்கிப் படைப்பிரிவுகளும் வேண்டுமென மேலிடத்துக்கு எழுதினார். பட்டாளங்கள் கேட்ட அளவிற் கிடைக்கவில்லை. யுத்தம் தொடங்கிய நாளில் மலாயாவில் ஒரு யுத்த தாங்கிதானும் இருக்கவில்லை. யப்பானியரோ இருநூறுக்கு மேற்பட்ட தாங்கிகளைக் கொண்டுவந்தனர். 336 விமானங்கள் வேண்டுமென இலண்டனிலுள்ளோரே ஒப்புக்கொண்டிருந்தும், இருந்தவை ஏறக்குறைய 160 மட்டுமே. அவற்றுட் பல பழையன. டிசம்பர் 10ஆந் திகதி ‘பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்’, ‘றிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களையும் யப்பானிய விமானங்கள் கடலில் ஆழ்த்தின. இந்தியப் பட்டாளங்களில் அனுபவமிக்கோர் பலர் வேறு களங்களுக்கு ஈர்க்கப்பட்டமையால், வந்த இளைஞர் பலர் போதிய பயிற்சியற்றவராயினர்.

சிங்கப்பூரின் பீரங்கிகள் யாவும் கடலையே நோக்கியிருந்தன, நிலப்பக்கம் திரும்பமாட்டாதன என்று ஒரு கதை வழங்கிவருகின்றது. அது முழு உண்மையன்று. பெரும்பாலான பீரங்கிகள் நிலப்பக்கமும் திரும்பிச் சுட்டன. ஆனால் அவற்றுக்கென வைத்திருந்த குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் வகையின. காலாட்படையைச் சிதறடிக்க அவை உதவவில்லை. இக்குறைகளுக்கெல்லாம் பேர்சிவல் பொறுப்பாளரல்லர். இலண்டன் அரசாங்கத்தின் பிழையை ஒரு தனிமனிதன் தலையிற் சுமத்துதல் அறமாகாது.

காலமும் இடமும்

இனி அவருடைய குறைகளைக் காண்போம். யப்பானியர் இறங்குமுன் சீயத்துட் புகுந்து சிங்கோராவைக் கைப்பற்றுவது என ஒரு திட்டம் இருந்தது. டிசம்பர் 6ஆந் திகதி யப்பானியக் கப்பல்கள் காணப்பட்டன. நடுநிலை நாடொன்றின் எல்லையைக் கடப்பதா, விடுவதா என்று மேலதிகாரி புறூக்-பொப்பம் தயங்கினார். இரு நாள்கள் கழிந்தன. முன்செல்லவெனக் கொட்டும் மழையிற் காத்திருந்த படைக்கு, இறுதியில் ஜித்ராவுக்குத் திரும்பிக் காவல்புரியுமாறு கட்டளை வந்தது. அங்கோ அகழிகள் முடியவில்லை. முடிந்தவற்றில் மழைநீர் நிறைந்திருந்தது. பல மாதங்கள் தடுத்து நிற்க வேண்டிய ஜித்ரா, யப்பானிய முன்னணிப்படை ஒன்றின் தாக்குதலால் இரு நாள்களுக்குள் வீழ்ந்தது. இத்தயக்கம் முதன்மையாகப் பேர்சிவலுடையதன்று. எனினும் விரைந்து முடிவு செய்யுமாறு மேலதிகாரியை நெருக்கும் இயல்பு அவரிடம் இருக்கவில்லை. கட்டளையை எதிர்பார்த்திருக்கும் உத்தியோகத்தரின் மனப்பான்மை, கட்டளையிட வேண்டிய இடத்துக்கு வந்த பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை.

இடனறிதலிலும் இக்குறை தோன்றிற்று. தரைப்படையினரைக் கலந்துகொள்ளாமலே விமானப் படையினர் பல மூலைகளில் விமானத்தளங்களை அமைத்திருந்தனர். அவற்றைக் காப்பதற்கெனத் தம் படையைப் பேர்சிவல் துண்டுதுண்டாகச் சிதறி நிறுத்தினார். விமானங்கள் அழிந்தபின்னரும் வெறுந் தளங்களைக் காத்துநிற்க நேர்ந்தது. சைக்கிள்களிலும் சிறு படகுகளிலும் பக்கவாட்டில் வந்து சுற்றிவளைத்த யப்பானியரின் வேகத்துக்கு இச்சிதறிய படை ஈடுகொடுக்கவில்லை. கம்பாரில் புத்தாண்டையொட்டிய நான்கு நாள்கள் இந்திய, பிரித்தானியப் போர்வீரர் உறுதியாய்ப் பொருது நின்றனர் என்பது உண்மையே. ஆனால் ஜனவரி 7ஆந் திகதி சிலிம் ஆற்றங்கரையில், இரவு கலையுமுன் வந்த சில தாங்கிகள் இரண்டு படையணிகளைச் சிதைத்துவிட்டன. 11ஆந் திகதி கோலாலம்பூர் வீழ்ந்தது. 31ஆந் திகதி எஞ்சிய படை சிங்கப்பூர்த் தீவுக்குட் புகுந்து, ஜொகூரை இணைத்த பாலத்தைத் தகர்த்தது.

தீவில் நிகழ்ந்தது மிகப் பெரிய பிழை. பகைவர் வடமேற்குக் கரையில் இறங்குவர் எனப் பெருந்தளபதி வேவல் கருதினார். வடகிழக்கிலேயே இறங்குவர் எனப் பேர்சிவல் கருதினார். ஆதலின் புதிதாய் வந்த 18ஆம் பிரித்தானியப் படைப்பிரிவை வடகிழக்கில் நிறுத்தினார். வடமேற்கின் நீண்ட சதுப்புக்கரையை ஓர் அவுஸ்திரேலியப் படையணி ஐதாய்ப் பரவி நின்று காத்தது. பெப்ரவரி 7ஆந் திகதி கிழக்கே ஊபின் தீவில் யப்பானியர் ஒரு பொய்த் தாக்குதல் நடத்தினர். 8ஆந் திகதி இரவு வடமேற்கில் இறங்கினர். எங்கும் காவல் நிற்க முயன்றமையால் எவ்விடத்திலும் வலிமை இல்லாமற் போயிற்று. திருப்பித் தாக்குதற்கெனப் பெரும்படை ஒன்று பின்னே வைக்கப்படவுமில்லை.

மறைக்கப்பட்ட உண்மை

இவை யாவும் போர்த்தொழில் பற்றிய பிழைகள். இவற்றிலும் ஆழமான ஒரு குறையை நாம் இப்போது கூறவேண்டும். பேர்சிவலின் பிரதம பொறியியலாளர் பிரிகேடியர் சிம்சன் என்பவர். தீவின் வடகரையில் அரண்கள் எதுவும் இல்லை. முட்கம்பி, தாங்கித் தடைகள், நீரடித் தடைகள் ஆகியவற்றை அமைக்கப் பொருள்கள் களஞ்சியத்தில் உள. அனுமதி மட்டும் தாரும் என அவர் 1941 டிசம்பர் இறுதியில் ஓர் இரவு பேர்சிவலை வெகுநேரம் வேண்டினார். பேர்சிவல் மறுத்தார். அதற்கு அவர் கூறிய காரணம் யாதெனில், பின்னணியில் அரண் கட்டுவதைக் கண்டாற் போர்வீரரும் பொதுமக்களும் மனந்தளர்ந்து விடுவர் என்பதாகும்.

இதனை நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். மனந்தளர்வர் என்று அஞ்சி அரண் கட்டாது விட்டார். ஆனால் பின்வாங்கிப் பின்வாங்கி 500 மைலுக்கு மேல் நடந்து களைத்த சிப்பாய், தீவின் கரையை அடைந்து, தன்னைக் காக்க ஒரு முட்கம்பிதானும் இல்லாமையைக் கண்டபோதன்றோ உண்மையில் மனந்தளர்ந்தான்! மக்கள் உண்மையைத் தாங்கமாட்டார் என்று எண்ணும் தலைவர், மக்களை மதியாதவராவார். உண்மையை அறிந்து எழுபவர் வலியர். பொய்யான அமைதியிலிருந்து திடீரென எழுப்பப்படுபவர் கலங்குவர். வருமுன் அறிந்த பேர்சிவல், தாம் அறிந்ததைப் பிறர் அறியச் செய்யவில்லை. அவருடைய அறிவு ஏட்டளவில் நின்றது. இதுவே நாம் முற்கூறிய புதிருக்கு விடை என்பது எம் கருத்து.

துணைவரை இயக்கும் ஆற்றலும் அவரிடம் குறைந்திருந்தது. இந்தியப் படைகளின் தளபதி ஹீத் முன்னர் அவருக்கு மூத்தவராயிருந்தவர். அவுஸ்திரேலியத் தளபதி கோர்டன் பெனற்றோ எவரோடும் ஒத்துப்போகாதவர். ஹீத் பின்வாங்குதலையே விரும்பினார். பெனற் பிறரைக் குறைகூறினார். பேர்சிவல் இருவரையும் சமாதானப்படுத்தி நடுவே நின்றார். சபைத் தலைவருக்கு இக்குணம் அழகு. சமர்க்களத்திற் பகைவர் வாயிலில் நிற்கும்போது அது போதாது. அவர் கட்டளைகள் தெளிவற்றனவாயும் அமைந்தன. நகரைச் சுற்றி இறுதியாய் நிற்க வேண்டிய எல்லையைக் குறித்து, நேர்ந்தால் என்ற கருத்தோடு அவர் அனுப்பிய இரகசிய ஆணையை, உடனே பின்வாங்கும் உத்தரவு எனப் பிரிகேடியர் ஒருவர் விளங்கிக்கொண்டமையால், பெப்ரவரி 10ஆந் திகதி தீவின் மேற்குக் காவல்வரை போரின்றியே கைவிடப்பட்டது.

வலியறிதலிலும் இறுதியில் அவர் தவறினார். போருக்கு முன் யப்பானியரைக் குறைத்து மதித்த பிரித்தானியர், தோற்கத் தொடங்கியபின் அவர்களை உள்ளதிலும் பலமடங்காய்க் கணக்கிட்டனர். யமஷித்தாவிடம் பீரங்கிக் குண்டுகள் தீருந்தறுவாயில் இருந்தன. தம் தாக்குதல் ஒரு மிரட்டலே என்பதையும், தெருத்தெருவாய்ப் போர் நிகழ்ந்திருந்தால் தாம் தோற்றிருக்கக்கூடும் என்பதையும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

தோல்வியிலும் ஒரு மேன்மை

ஆயினும் சரணடைந்தமைக்காக அவரைக் கோழை எனத் தூற்றுதல் எமக்கு உடன்பாடன்று. புக்கித் தீமாவிலிருந்த உணவும் எரிபொருளும் பறிபோயின. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, ஓரிரு நாள்களில் நகருக்கு நீரே இராது என்ற நிலை வந்தது. குண்டுமாரியின் கீழ் ஏறக்குறைய பத்து இலட்சம் பொதுமக்கள் அகப்பட்டிருந்தனர். முன்னாளிலேதான் அலெக்சாந்திரா வைத்தியசாலையில் நோயாளரும் வைத்தியரும் கொல்லப்பட்டிருந்தனர். தம் பெயரைக் காப்பதற்காக இலட்சக்கணக்கானோரைப் பலியிடுவதா, தம் பெயரை இழந்து அவர்களைக் காக்க முயல்வதா என்ற நிலையில் அவர் இரண்டாவதைத் தெரிந்தார்.

அன்றிரவே பெனற் தம் வீரரைக் கைதிகளாய் விட்டுவிட்டுப் படகேறித் தப்பிச் சென்றார். பேர்சிவல் தப்ப முயலவில்லை. தம் படையோடு சிறை புகுந்தார். சாங்கி, போர்மோசா, மஞ்சூரியா என மூன்றரை ஆண்டுகள் சிறையில் வாடினார். 1945 செப்டெம்பர் 2ஆந் திகதி ‘மிசூரி’ என்னும் அமெரிக்கக் கப்பலில் யப்பான் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டபோது, எலும்புந் தோலுமாய் அவர் மக்காதரின் பின்னே நின்றார். மறுநாள் பிலிப்பைன் தேசத்தில் யமஷித்தா சரணடைந்த இடத்திலும் அவர் இருந்தார். போர்ட் தொழிற்சாலையில் எதிரெதிரே இருந்த இருவரும் இடம் மாறினர். யமஷித்தா, தம் வீரர் செய்த கொடுமைகளுக்குப் பொறுப்பாளி எனத் தீர்க்கப்பட்டு, 1946 பெப்ரவரி 23ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார்.

நாடு திரும்பிய பேர்சிவலுக்கு அரசாங்கம் ‘சேர்’ பட்டம் வழங்கவில்லை. அவர் முறையிடவுமில்லை. எஞ்சிய வாழ்நாளில், தம்மோடு சிறையிருந்த வீரரின் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, அவர்களுக்கு நட்டஈடு பெற்றுக்கொடுக்க உழைத்தார். அவர் பின்னே நின்று தோற்ற வீரரே அவரைத் தம் தலைவராகக் கொண்டமை சிந்திக்கத்தக்கது. 1966 ஜனவரி 31ஆந் திகதி அவர் இறந்தார்.

விலை கொடுத்தவர் யார்?

தளபதிகளைப் பற்றி எழுதுவோர், அவர்களின் பிழைக்கு விலை கொடுத்தவர்களை மறந்துவிடுகின்றனர். சிங்கப்பூர் வீழ்ந்த சில வாரங்களுள் ஆயிரக்கணக்கான சீன இளைஞரை யப்பானியர் தெரிந்தெடுத்துக் கொன்றனர். 415 கிலோமீற்றர் நீளமான சீய-பர்மா இருப்புப்பாதையை அமைக்கப் போர்க்கைதிகளோடு, மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் பசியாலும் காட்டிலே மடிந்த அவர்களுட் பலருக்குக் கல்லறையுமில்லை, பெயர்ப் பதிவுமில்லை. இறந்த வெள்ளை வீரருக்கு வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கற்கள் நிற்க, அவர்களினும் பன்மடங்காய் இறந்த எம்மினத்தார் மண்ணோடு மண்ணாயினர்.

இலங்கைக்கும் அவ்வீழ்ச்சி தூரத்துச் செய்தியாய் இருக்கவில்லை. ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. மலாயாவின் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, கோலாலம்பூரிற் கந்தசுவாமி கோயில் எடுத்து வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் பல்லாயிரவர். மூன்றரை ஆண்டுகள் அவர்களிடமிருந்து கடிதமும் மணியோடரும் வராது ஊரிலே காத்திருந்த தாய்மாரின் கதையை, மலாயாப் பென்சனியர் வாழ்ந்த கிராமங்களில் முதியோர் இன்றுஞ் சொல்லக் கேட்கலாம். தலைவர் ஒருவரின் தயக்கம், அவர் பெயரையே கேட்டறியாத வீடுகளின் அடுப்பையும் அணைத்துவிடும் என்பதை அக்கதைகள் உணர்த்தும்.

முடிவுரை

கல்வி, உழைப்பு, முன்னறிவு, நேர்மை, துன்பத்திற் கலங்காமை என்பன பேர்சிவலின் நிறைகள். விரைந்து துணியாமை, துணைவரை ஒருவழிப்படுத்தாமை, உண்மையை எடுத்துரைக்க அஞ்சியமை என்பன அவர் குறைகள். நிறைகள் அவரை நல்ல மனிதராக்கின. குறைகள் அவரை நல்ல சேனாதிபதியாகவொட்டாது தடுத்தன. நல்லவராயிருத்தல் தலைமைக்கு அடிப்படையே. அதுவே முழுத் தலைமையும் ஆகாது. பிரித்தானியரின் தோல்விக்குப் பல கைகள் பொறுப்பு. அவற்றுள் ஒன்று அவருடையது என்பதே எமது தீர்ப்பு.

சங்கங்களிலும் சபைகளிலும் பொறுப்பேற்கும் எம்மனைய இளைஞர் போர்க்களம் காணப்போவதில்லை. ஆயினும் வரவிருக்கும் இடரை முன்னரே அறிந்தும், சொன்னால் மனம் நோவரே என்று வாய் மூடியிருக்கும் சோதனை எமக்கும் வருவதே. ஆண்டுக் கணக்கிற் பற்றாக்குறை ஏற்பட்டால் அதனைப் பொதுக் கூட்டத்திற் சொல்லத் தயங்குகின்றோம். பெரியோர் இருவர் முரண்பட்டால் இருவருக்கும் தலையசைக்கின்றோம். அறிந்ததை அன்போடும் அஞ்சாமையோடும் எடுத்துரைத்து, காலத்தோடு செய்யும் துணிவை இளைஞரும், அவ்வாறு சொல்வோரைச் சினவாது கேட்கும் பொறுமையைப் பெரியோரும் எய்த எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.